வீட்டில் வளர்க்க ஏற்ற முயலினம்

பிள்ளைகளின் விருப்பத்திற்காக முயல் வளர்க்க எண்ணும் கமக்காரர் பலர், நிறத்தின் அழகை மட்டும் பார்த்துக் குட்டியை வாங்குகின்றனர். சித்திரை வெயிலில் அது திடீரென இறந்தால் ஏதோ நோயென்று கருதுகின்றனர். பெரும்பாலும் அதற்குக் காரணம் வெப்பமே. முயல் மாட்டைப்போல் வியர்ப்பதில்லை. காதுகளின் வழியாகவும் விரைந்து மூச்சு விடுவதாலுமே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியசைக் கடந்தால் அது வருந்தும். ஆகவே இனத்தைத் தெரிவுசெய்யும்போது உரோமத்தையும் உடற்பருமனையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

அங்கோரா இனம் பார்வைக்குப் பஞ்சுப் பொதிபோன்றது. அதன் நீண்ட உரோமத்தை அடிக்கடி சீவாவிடின் சிக்குண்டு தோல் புண்ணாகும். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களுக்கன்றி, வன்னிக்கோ யாழ்ப்பாணத்திற்கோ இது பொருந்தாது. பிளெமிஷ் இராட்சத இனம் 6 கிலோவிற்கு மேல் வளரும். வெப்பத்தைத் தாங்காமை ஒருபுறமிருக்க, அதன் பாரத்தினால் கம்பிவலைத் தளத்தில் பின்பாதங்கள் புண்ணாகும். சிறுபிள்ளை அதைத் தூக்குதலும் அபாயம். முயல் திமிறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

நியூசிலாந்து வெள்ளை இனம், பெயர் எவ்வாறிருப்பினும், அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. 4 முதல் 5 கிலோ வரை நிறைகொள்ளும் இறைச்சி இனமாயினும் சாந்தமானது. மூக்கும் காதும் பாதமும் வாலும் கறுத்த கலிபோர்னிய இனமும் அத்தகையதே. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றை வளர்க்கலாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு டச்சு இனத்தையே நாம் விரும்புவோம். தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டியும், பின்னுடல் கறுப்பு அல்லது வேறு நிறமுமாக இருக்கும். நிறை ஏறத்தாழ 2 கிலோ, உரோமம் குட்டையானது, தீனிச் செலவும் குறைவு.

ஆயினும் சந்தைக்கு வரும் குட்டிகளிற் பல கலப்பினங்களே. விற்பவர் கூறும் பெயரை நம்பாது, இயலுமாயின் தாய் தந்தையரைப் பார்த்து வாங்குக. எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டியை வாங்கற்க. முன்பாதங்களின் உட்புறத்து உரோமம் ஈரமாய் ஒட்டியிருந்தால், அது சளியொழுகும் மூக்கைத் துடைத்த அடையாளம், அக்குட்டியைத் தவிர்த்திடுக. சோடியாக வாங்குவோர் ஆண் பெண் வேறுபாட்டை நன்கறிந்தவரிடம் காட்டுதல் நன்று. இரண்டும் பெண்ணென்று கொண்டுவந்த வீட்டில், பிணைந்து 31 நாளில் குட்டிகள் நிறைவது புதுமையன்று.

அறுவடையின்போது வயலில் அகப்படும் காட்டுமுயற் குட்டியை வீட்டிற்குக் கொண்டுவருதல் வேண்டாம். அது வேறு சாதி. கூட்டில் அஞ்சி நடுங்கிப் பெரும்பாலும் மடிந்துவிடும். கண்ட இடத்திலேயே விட்டால் தாய் பாலூட்ட வரும்.

கூட்டைக் கிடுகுக் கூரையின் கீழ், மரநிழலில், காற்றோட்டமாக வைத்து, தளத்தில் ஒரு பலகையும் இடுக. முயல் நீட்டிப் படுத்து மேல்மூச்சு வாங்கினால் நிழலுக்கு மாற்றிக் காதுகளை ஈரத்துணியால் நனைக்கவும். வாளி நீரில் அமிழ்த்தல் கூடாது. புல்லே முதன்மையான தீனி. வற்றாளைக் கொடியும் கொடுக்கலாம். கிருமிநாசினி தெளித்த மரக்கறித் தோட்டத்துக் கீரையையும் களையையும் ஒருபோதும் இடற்க. புதிய குட்டியை மாலைக் குளிர்ச்சியில் கொண்டுவந்து, முன்பு உண்ட தீனியையே ஒரு கிழமை கொடுத்து, பின்னர் சிறிது சிறிதாக மாற்றுக.