‘தைரியமா இரு’ என்றால் போதுமா?

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்த வீட்டுக்குப் போகும் தோழிகளும் உறவினர்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: “மனசை மட்டும் விட்டுடாதே. தைரியம்தான் பாதி மருந்து.” சொல்பவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்குள் ஒரு மருத்துவத் தீர்ப்பும் இருக்கிறது: மனம் உறுதியாக இருந்தால் நோய் அடங்கும், தளர்ந்தால் முற்றும். உலகம் முழுவதும் பலரும் நம்புவதால் ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதனையில் அது தேறவில்லை.

இந்த நம்பிக்கைக்குப் பெரிய வலு கொடுத்தது 1989இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், உடலின் மற்ற பாகங்களுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்தார். வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். ஆயுள் இரட்டிப்பு! செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. ஆனால் 86 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. கனடாவில் பமீலா குட்வின் குழுவினர் அதே முறையை 235 பெண்களிடம் செய்துபார்த்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுளில் வித்தியாசம் இல்லை. 2007இல் ஸ்பீகலே 125 பெண்களிடம் மீண்டும் செய்தபோதும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. தன் பழைய முடிவுக்கு எதிரானதை அவரே வெளியிட்டது மதிக்கத்தக்க நேர்மை. அதே ஆண்டு ஜேம்ஸ் காயின் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரின் விவரங்களை அலசியபோதும், மனநிலை எப்படி இருந்தது என்பதற்கும் எவ்வளவு காலம் பிழைத்தார்கள் என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. கட்டி எந்த வகை, எவ்வளவு பரவியிருக்கிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும், சிகிச்சை முழுமையாகக் கிடைத்ததா என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

“இருந்துவிட்டுப் போகட்டும், தைரியம் சொல்வதால் என்ன கெட்டுவிடப்போகிறது?” என்று கேட்கலாம். கெடுகிறது. தைரியம்தான் மருந்து என்றால், நோய் திரும்பி வரும்போது பழி நோயாளியின் தலையில் விழுகிறது. ‘நான்தான் மனசை விட்டுட்டேன்’ என்று அவள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறாள். அழ நினைத்தால் அழுகையே நோயைக் கூட்டுமோ என்று பயம். பார்க்க வந்தவர்கள் கண்கலங்கும்போது அவள்தான் காபி கொடுத்து அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது. “எனக்குப் பயமா இருக்கு” என்று அவள் தொடங்கும்போதே “சீ, அப்படியெல்லாம் பேசாதே” என்று வாயை அடைத்துவிட்டால், அந்தப் பயத்தை அவள் யாரிடம் கொண்டுபோவாள்? நம்பிக்கை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிய காலத்தில், புற்றுநோய் என்றாலே சாவு என்பதுதான் பொது எண்ணம். இன்று ஆரம்ப நிலையில் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்த முடிகிறது. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் மருந்துகளும் வளர்ந்ததால் வந்த மாற்றம் இது. அவளுக்குத் தரவேண்டிய நம்பிக்கையும் இங்கிருந்துதான் வரவேண்டும்.

அப்படியானால் துணை நிற்பதற்கே பயனில்லையா என்பது அடுத்த கேள்வி. நிறையவே இருக்கிறது. குட்வின் ஆய்வில் ஆயுள் கூடாவிட்டாலும், மனம் மிகவும் நொந்திருந்த பெண்களுக்கு வேதனையும் உடல்வலியும் குறைந்தன. அதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். 2013இல் அமெரிக்காவில் அயால் ஐசர் குழுவினர் 7,34,889 புற்றுநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். மணமானவர்களுக்கு நோய் பரவுமுன்பே கண்டறியப்படுவதும் முழுச் சிகிச்சை கிடைப்பதும் அதிகம். நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. வசதி போன்ற வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கலாம். ஆனாலும் டாக்டரிடம் போ என்று வற்புறுத்தவும், கூடப் போகவும், மருந்தை நினைவூட்டவும் ஓர் ஆள் இருப்பதுதான் முக்கியமான விளக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆளாகத் தோழியும் இருக்க முடியும்.

வேலை என்னவென்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. போட்டு ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. ‘கவுன்ட் இறங்கிடுச்சு’ என்பது இதைத்தான். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டில் தெர்மாமீட்டர் வேலை செய்கிறதா, ராத்திரி கூப்பிட்டால் வண்டி வருமா, ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதெல்லாம் தோழிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சளி, இருமல் இருப்பவர்கள் ஆப்பிளும் ஆரஞ்சுமாகப் பார்க்கப் போகாமல் இருப்பதும் உதவிதான். ‘கரண்ட் வைப்பது’ என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள், பல வாரம் போக வேண்டும். மெஷினடியில் சில நிமிடம்தான். ஆனால் போக, காத்திருக்க, வர என்று அரைநாள் ஓடிவிடும். அந்த நேரத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது? மாமியாருக்கு பி.பி. மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது? “ஏதாவது வேணும்னா சொல்லுடி” என்றால் யோசிக்கிற வேலையும் அவளுக்கே போகிறது. “செவ்வாயும் வியாழனும் நான் கூட்டிட்டுப் போறேன்” என்றால் அந்த இரண்டு நாள் அவள் கணவர் வேலைக்குப் போகலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுக்கும் ரேஷன் கார்டு நகலுக்கும் அலைய ஆள் வேண்டும். சிகிச்சைக்கான ரயில் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, உடன் செல்பவருக்கு 75 சதவீதம் என்பதை எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா” என்று நோயையே மறைக்கும் வழக்கமும் இதே நம்பிக்கையில் பிறந்ததுதான். தெரிந்தால் தைரியம் போகும், தைரியம் போனால் உயிர் போகும் என்று குடும்பம் கணக்குப் போடுகிறது. ஆனால் ஏன் முடி கொட்டுகிறது, ஏன் காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாதவளால் தன் உடம்பைக் காத்துக்கொள்ள முடியாது. குடும்பம் மறைத்தால் தோழி எதிர்த்துக்கொண்டு உடைத்துப் பேச வேண்டாம். டாக்டரையே வைத்துப் பக்குவமாகச் சொல்ல வைக்கலாம்.

கடைசிக் கீமோ முடிந்ததும் வீட்டுக்கு ஆள் வருவது நின்றுவிடுகிறது. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படும் வகை என்றால் அவள் அதற்கான மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டு விழுங்க வேண்டும். மூட்டுவலியோ உடல் திடீரென்று கொதிப்பதோ கூடவே வரும். வெறுத்துப்போய் நடுவில் நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்டுதோறும் மேமோகிராமுக்கு முதல்நாள் ராத்திரி பழைய பயமெல்லாம் திரும்பி வரும். அவளுடைய கீமோ தேதிகளைக் குறித்துவைத்த அதே காலண்டரில் இந்தத் தேதியையும் குறித்துவைத்து, முதல்நாள் சாயங்காலமே போன் செய்ய வேண்டும்.