லோ கியர் நழுவுகிறதா?

படாளம் பக்கம் கரும்பு வயல் சேற்றில் ஃபோர் வீல் ஜீப்பை லோவில் ஏற்றும்போது, டிரான்ஸ்ஃபர் கேஸின் சின்ன லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா? உடனே டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

முதலில் லிவர் கடைசிவரை போகிறதா பாருங்கள். தரைவிரிப்போ தடித்த ரப்பர் உறையோ தடுத்தால் பற்கள் பாதிதான் கவ்வும். லிங்கேஜ் புஷ் தேய்ந்திருந்தாலும் இதேதான். மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால், சுமை ஏறும்போது கேஸ் அசைந்து லிவரை இழுத்துவிடும்.

அடுத்தது, ஷிஃப்ட் ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும். மலிவான பொருள், பழைய ஜீப்புகள் பலவற்றில் வெளியிலிருந்தே மாற்றலாம். அதற்குப் பிறகும் நழுவினால் ஃபோர்க் தேய்ந்திருக்கும், அல்லது பல்முனை மழுங்கியிருக்கும். அப்போது பிரித்தே ஆகவேண்டும். மழுங்கிய பல்லை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

சின்ன லிவர் நியூட்ரலில் இருந்தால், மெயின் கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது.

பற்கள் தேயாமலிருக்க, நான்கு டயரும் ஒரே அளவில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியதும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள்; காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டினால் பற்கள் சீக்கிரம் தேயும்.