நோட்டீஸில் ஒரு வரியை எடுத்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. வழவழப்பான காகிதம், கையில் பேட்டனோடு நீ நிற்கும் படம், பாட்டியாலாவில் டிப்ளமா முடித்த விவரம் எல்லாம் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்புக்குக் கட்டாயம் வருகிறேன். ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. 'உங்கள் செல்வங்களை எங்களிடம் நம்பி ஒப்படையுங்கள்' என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலப் பலரும் இந்தக் கோடையில் பயிற்சி மையம் தொடங்குவதால், உன் பெயரைச் சொல்லாமல் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். கோபிக்க மாட்டாய் என்று தெரியும்.

முப்பத்து நான்கு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அப்பாக்களில் பாதிப் பேர் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்." அதை எனக்குக் கொடுத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. 'இந்த ஆள் உன்னை என்ன செய்தாலும் நான் வந்து கேட்க மாட்டேன்' என்று பெற்ற தகப்பனே சொல்லிவிட்டுப் போகிறான். அந்த வாக்கியம் நல்ல மாஸ்டரிடமும் போகிறது, கெட்ட மாஸ்டரிடமும் போகிறது. யார் எவர் என்று வாசலில் எழுதி ஒட்டியிருப்பதில்லை.

அதற்கு மேல் சர்டிபிகேட். மாநில மீட்டில் ஒரு இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். கொஞ்சம் மேலே போனால் போலீஸ், ரயில்வே. ஒரு குடும்பமே அந்தத் தாளை நம்பி வட்டிக்கு வாங்கி ஸ்பைக்ஸ் எடுத்துக் கொடுக்கிறது. ரிலேயில் யார் ஓடுவது, கேம்புக்கு யார் பெயரை அனுப்புவது என்று முடிவு செய்பவன் நீ. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் அந்தக் குழந்தை இதையெல்லாம் மனதில் கூட்டிக் கழித்துப் பார்க்கும். பதின்மூன்று வயதில் அந்தக் கணக்கு நன்றாகவே வரும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. 400 மீட்டரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண். வெளியூர் கேம்ப் ஒன்றுக்குத் தேர்வானாள். "நான் போகலை சார்" என்றாள். ஏன் என்றதற்குப் பதில் இல்லை. காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள். போன வருடமும் அதே கேம்புக்குப் போய் வந்தவள்தான். எனக்குக் கோபம் வந்தது. இந்த வாய்ப்புக்கு எத்தனை பேர் ஏங்குகிறார்கள் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். அவள் அம்மாவையும் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். போனாள். நான்காம் நாள் திரும்பிவிட்டாள். அடுத்த வாரம் ஸ்பைக்ஸைக் கழுவிக் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு ஓடவே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு குழந்தை சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னாள். அதை நான் சோம்பேறித்தனம் என்று படித்தேன்.

2021 மே மாதம் சென்னையில் நீண்ட அனுபவமுள்ள தடகளப் பயிற்சியாளர் ஒருவர், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கைதானார். செய்தி வந்த அன்று வாக்கிங் போகிற இடத்தில் நாங்கள் பழைய ஆட்கள் கூடிப் பேசியது, 'எத்தனை மெடல் எடுத்துக் கொடுத்தவர்' என்பதைத்தான். மெடலுக்கும் புகாருக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150 பேருக்கு மேல் எழுந்து நின்று தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் என்னை உலுக்கியது எண்ணிக்கை அல்ல. சில சிறுமிகளுக்கு அது நடந்தபோது பெற்றோர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மறைத்து நின்றுகொண்டு, சிகிச்சை என்று சொல்லி, பேச்சுக் கொடுத்தபடியே செய்திருக்கிறார். 1997லேயே பல்கலைக்கழகப் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னதாக ஒரு வீராங்கனை பின்னாளில் சாட்சி கூறினார். ஆக, கண்ணெதிரே இருந்தால் போதும் என்று நினைக்காதே. 'இது எதற்கு?' என்று கேட்கிற தைரியம் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இருக்க வேண்டும். அதை நீதான் பழக்க வேண்டும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

இனி வேலை நேரம். தொடாமல் தடகளம் கற்றுக்கொடுக்க முடியாது என்பது பாதி உண்மை. ஈட்டி எறிபவளின் முழங்கை எங்கே போக வேண்டும் என்று காட்ட, சீனியர் பிள்ளை ஒருத்தியை முன்னால் நிறுத்திச் செய்ய வைத்தால் பத்துக்கு எட்டு முறை போதும். மீதி இரண்டு முறைக்கு, "உன் தோளைப் பிடித்துத் திருப்பப் போகிறேன், சரியா?" என்று வாயால் கேள். பதில் வந்த பிறகு தொடு. தலையாட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நம் பிள்ளைகள் எதற்கும் தலையாட்டும். மசாஜ் உன் வேலை இல்லை. தசை பிடித்துக்கொண்டால் ஐஸ் வை, பெற்றோரைக் கூப்பிடு, பிசியோவிடம் அனுப்பு. ஸ்ட்ரெச்சிங்கில் ஒரு பிள்ளை மேல் மாஸ்டர் சாய்ந்து அழுத்துகிற அந்தப் பழைய வழக்கத்தை நானும் செய்தவன்தான். விட்டுவிடு. ஜோடி சேர்த்து அவர்களே செய்துகொள்ளட்டும்.

வெளியூர் மீட்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். ராத்திரி ரயில், ஏதோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை இழுத்துப்போட்டுப் படுக்கை, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் கூட ஒரு பெண் பயிற்சியாளர் வர வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒரு அம்மாவைக் கூட்டிப் போ. அவருக்கு டிக்கெட் போடப் பணம் இல்லை என்றால் அந்த மீட்டுக்குப் போகாதே. கடுமையாகத்தான் சொல்கிறேன். பெரியவர்கள் தனி அறை, பிள்ளைகள் தனி அறை. யாரையும் தனியாக உன் அறைக்குக் கூப்பிடாதே, தோற்றுவிட்டு அழுகிற பிள்ளையைக்கூட. வராந்தாவில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லலாம். உன் பைக் பின்சீட்டில் ஒற்றைப் பிள்ளையை ஏற்றி வீட்டில் விடுவதும் வேண்டாம். மழை வந்தால் அப்பா வரும்வரை எல்லாருமாக நில்லுங்கள்.

போன் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தனிச் செய்தி கிடையாது, பெற்றோர் இருக்கும் குரூப்பில் மட்டும் பேச்சு.

பிரம்பு? அதை வாங்கவே வாங்காதே. எடையைப் பிடித்து எல்லார் முன்னாலும் கேலி செய்வதும், தாமதமாக வந்தால் வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் ரவுண்டு ஓட விடுவதும் பிரம்பின் தம்பிகள்தான். நாங்கள் செய்தோம், பிள்ளைகள் ஜெயித்தார்கள் என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். எத்தனை பேர் ஓடுவதையே விட்டார்கள் என்று எங்களில் யாரும் கணக்கு வைக்கவில்லை.

சட்டம் நீ நினைப்பதைவிட உன் பக்கத்தில் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள், குழந்தைகள் வரும் இடங்களைச் சொல்லும்போது விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. வேலைக்கு வைக்கும் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். டிராக்குக்குத் தண்ணீர் தெளிக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், நீ உட்பட. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சம்மதம் அந்தச் சட்டத்தில் செல்லாது. நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவன் செய்தால் குற்றத்தின் கனம் கூடும்.

நீ சொன்ன மாற்றுத்திறனாளி பேட்ச் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. சிறப்புப் பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு மாலையில் பயிற்சி. செய். ஆனால் அங்கே பிள்ளைகள் பேட்சைவிட இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும். இருபத்தாறு வயது ஆளுக்குப் போக்சோ பொருந்தாது. மன வயதைக் கணக்கில் கொண்டு அந்தச் சட்டத்தை விரிக்க முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஜூலையில் நீதிமன்றம், வயது என்றால் உடலின் வயதுதான் என்று சொல்லிவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கொடுமை நடக்கிறது அல்லது நடக்கலாம் என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம். போலீஸ் ஸ்டேஷன் எப்போதும் உண்டு.

சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. இவர்களை வளர்க்கும்போதே 'சொன்ன பேச்சைக் கேட்பான், தங்கமான பிள்ளை' என்று பாராட்டித்தான் வளர்க்கிறோம். உடை மாற்ற, கழிப்பறை போக, யார் யாரோ தொட்டுப் பழகிய உடம்பு அது. 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அதனால் ஓட்டத்துக்கு முன்னால் அதைப் பயிற்சியாக வை. "பந்து வேணுமா, வளையம் வேணுமா?" "இன்னிக்கு ஓடலாமா, வேண்டாமா?" வேண்டாம் என்றால் அன்றைக்கு நிஜமாகவே வேண்டாம், கெஞ்சி, மிட்டாய் காட்டி ஓட வைக்காதே. உன்னிடம் மறுத்துப் பழகினால்தான் இன்னொருவனிடம் மறுப்பான். உடை மாற்ற உதவி வேண்டுமானால் யார் செய்ய வேண்டும் என்று அவனையே கேட்டு, வீட்டாரிடமும் சொல்லி எழுதி வை. பேச்சு வராதவன் திடீரென்று ஒரு ஆளைக் கண்டால் சுவரோரம் ஒதுங்குகிறானா, சாப்பாட்டை ஒதுக்குகிறானா என்று பார். அவன் சொல்லும் விதம் அது.

ஒருநாள் யாராவது உன்னிடம் வந்து சொன்னால் என்ன செய்வது? உட்காரு. குறுக்குக் கேள்வி கேட்காதே. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதே, ஏனென்றால் நீ சொல்லியாக வேண்டும். போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கும் என்று அஞ்சினாலும், யாராக இருந்தாலும் போலீஸிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தனக்குக் கீழே உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் நடவடிக்கை கிடையாது. பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில், தேதி, மணி போட்டு எழுதி வை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு ராத்திரியிலும் போன் செய்யலாம். சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு விசாரிக்காதே. பெரிய மனிதர்களை வைத்துப் பஞ்சாயத்துப் பேசாதே. சங்கத்துக்குக் கெட்ட பெயர் என்று யாராவது உன் தோளில் கை போட்டால், பஞ்ச்குலாவை நினைத்துக்கொள். 1990இல் அங்கே 14 வயது டென்னிஸ் பெண் ஒருத்தி, சங்கத் தலைவராக இருந்த போலீஸ் அதிகாரிமேல் புகார் சொன்னாள். அவளைப் பள்ளிக்கூடம் வெளியே அனுப்பியது. மூன்று வருடத்தில் அவள் உயிரோடு இல்லை. 2009 டிசம்பரில்தான் முதல் தீர்ப்பு வந்தது: ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம்.

"பொய்ப் புகார் வந்தால்?" என்று போனில் கேட்டாய். நியாயமான பயம்தான். மேலே சொன்னபடி நடந்தால் உனக்கும் நாலு சாட்சி எப்போதும் இருக்கும். ஆனால் அதற்காகத்தான் இதையெல்லாம் செய்கிறாய் என்றால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நிற்கிறாய் என்று தெரிந்த ஆளிடம் யாரும் வந்து எதுவும் சொல்வதில்லை.

நோட்டீஸில் அந்த வரிக்குப் பதிலாக, 'பயிற்சி நேரத்தில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எதையும் கேட்கலாம்' என்று போடு. கீழே 1098 எண்ணையும் பெரிய எழுத்தில் போடு. முதல் மாதம் யாரும் வர மாட்டார்கள், 'உங்க மேல நம்பிக்கை இருக்கு சார்' என்பார்கள். விடாதே, வாரம் ஒருத்தர் என்று முறை போட்டுக் கூப்பிடு.

உன் மைதானத்தின் தென்கோடியில் ஒரு வேப்பமரம் நிற்கிறதே, அதன் கீழிருந்து பார்த்தால் டிராக் முழுவதும் தெரியும், உடை மாற்றும் அறையின் வாசலும் தெரியும். இரண்டு பெஞ்சு போட இடம் அளந்து வை. பெஞ்சுக்கும் நோட்டீஸ் மறு அச்சுக்கும் ஆகும் செலவு என்னுடையது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய பி.டி. சார்