மண்ணுல அளையட்டும், விடு மக்களே!

“அக்கா, பிள்ளை எந்நேரமும் மண்ணுலயும் தண்ணியிலயும் அளையுது. எப்படி நிறுத்த?” பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து இளம் தாய்மார் அடிக்கடி கேக்குற கேள்வி இது. நிறுத்தாண்டாம் மக்களே. எங்க அளையணும்னு நீ பாரு. என்ன விளையாடணும்னு அது பாத்துக்கிடும்.

இடம்: முற்றத்துல வெயில் விழுற ஒரு மூலை போதும். கிணத்தடி, எருக்குழி, கோழிக்கூடு பக்கம் ஆகாது. வீட்டு வேலைக்கு இறக்குன மணல்னா ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடு. இல்லேன்னா பூனை அசிங்கம் பண்ணி வச்சிரும்.

சாமான்: காசு செலவில்லை. ஈர மண்ணைச் சிரட்டையில அமுக்கி, கவுத்தி, மேல ரெண்டு தட்டு தட்டுனா மண்ணப்பம். பிலாவிலையைக் கோட்டி ஈர்க்கில் துண்டு குத்துனா கரண்டி. செம்பருத்தி இதழைக் கிள்ளிப் போட்டா கறி. கமுகம்பாளைன்னா உக்காந்து இழுக்குற வண்டி. ஆனா குன்னிமுத்து, அரளி, ஒதளங்காய் மூணும் விஷம். கையில கிட்டவே கூடாது. சின்னதுகள் மஞ்சாடிக்குருவை மூக்குல திணிச்சிரும், கவனம்.

ரப்பர் வெட்டுற வீடு: ஷீட் அடிக்கிற ஆசிட்டைக் குடிதண்ணிக் குப்பியில ஊத்தி வைக்காதே, உயரத்துல பூட்டி வை. பால் வெட்டாத நாள்ல மரத்துச் சிரட்டையைக் கவுத்தி விடு. தேங்குற மழைத்தண்ணியிலதான் டெங்கு கொசு முட்டையிடும்.

தண்ணி: வாளித்தண்ணி போதும், ஆட்டம் முடிஞ்சதும் வாளியைக் கவுத்திரு. தேங்குன குளத்துல முங்க விடாதே. 2024-ல நெய்யாற்றின்கரை பக்கம் குளத்துல குளிச்ச சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்துது. அந்த அமீபா மூக்கு வழியாத்தான் ஏறும். மழை வெள்ளத்துல எலிக்காய்ச்சல் பயமும் உண்டு, காலுல புண் இருந்தா இறக்கவே செய்யாதே.

உடம்பு: மண்ணுல செருப்பு போட்டே நிக்கட்டும், கொக்கிப்புழு உள்ளங்கால் வழியா நுழையும். நகத்தை ஒட்ட வெட்டு, சோப்பு போட்டுக் கை கழுவாம திங்கக் குடுக்காதே. அங்கன்வாடியில தர்ற அல்பெண்டசோல் மாத்திரையை விட்டுராதே: 1 முதல் 2 வயசுக்குப் பாதி, அதுக்கு மேல ஒண்ணு முழுசா. 16 முதல் 24 மாசத்துல ஒண்ணும், 5 வயசுக்கு மேல ஒண்ணுமா டி.பி.டி. பூஸ்டர் ஊசி போட்டாச்சான்னு கார்டைப் பாரு.

உடுப்பு: அளையுறதுக்குன்னே ஒரு பழைய சட்டை வை. செம்மண் சேத்தை ஈரத்தோட தேய்க்காதே. காய விட்டு உதறி, பிரஷ் போட்டுட்டு அப்புறம் நனை.

பேச்சு: 1956 நவம்பர் 1-ல மாநிலம் பிரிச்சப்ப பக்கத்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போச்சு, நம்ம நெய்யாற்றின்கரை கேரளத்துல நின்னுது. அதனால அங்கன்வாடியில பிள்ளைக்கு மலையாளம் தானா வந்துரும். தமிழ் நம்ம முற்றத்துலதான் கிடைக்கணும். பக்கத்துல உக்காந்து “இன்னைக்கு என்ன கறி?”ன்னு கேளு, கதை கதையாச் சொல்லும்.

எழுப்புறது: பாதி சமையல்ல கையைப் பிடிச்சு இழுத்தா அழத்தான் செய்யும். “சோறு விளம்பு, சாப்பிட்டுக் கடையை மூடுவோம்”னு முதல்லயே சொல்லு. விளம்புனதைச் சாப்பிட்ட மாதிரி காட்டி, ஒரு இலையைக் காசாக் குடு. கடைக்காரி தானே எழும்பி வருவா.