கடைசி வருஷ புராஜெக்ட்: தலைப்பு கிடைக்கவில்லையா?

தலைப்பு கொடுக்க இன்னும் ஒரு வாரம்தான், மண்டையில் ஒன்றும் தோன்றவில்லையா? திருப்பத்தூர் பக்கம் படிக்கும் கணினி மாணவர்களுக்கு:

1. கூகுளை மூடிவிட்டு, மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு பஸ் ஏறுங்கள். சாமை, புளி, தேன் விற்பவர்களிடம் அரை நாள் பேச்சுக் கொடுங்கள். எடை, விலை, பாக்கி என்று அவர்கள் குறைப்படும் இடத்தில்தான் தலைப்பு இருக்கிறது.

2. சிக்னல் இல்லாமலும் ஓடுகிற செயலியாக யோசியுங்கள். மலையில் எல்லா இடத்திலும் டவர் எடுக்காது. போனில் சேமித்து, கீழே இறங்கியதும் அனுப்பினால் போதும்.

3. காவலூரை மறக்காதீர்கள். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. இருட்டான வானம்தான் அதற்கு மூலதனம். சுற்று ஊர்களின் தெருவிளக்கு வெளிச்சத்தை அளந்து வரைபடமாக்குங்கள். ஒளி உணரி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். (போன் கேமராவை நம்ப வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும்.)

4. முகம் பார்த்து வருகைப்பதிவு, நூலக மேலாண்மை இரண்டையும் விட்டுவிடுங்கள். தேர்வாளர்களுக்குப் பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது.

5. யாருக்கு, என்ன பயன் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். முடியவில்லையா, தலைப்பு பெரிது, வெட்டுங்கள்.

6. தரவு கைக்கு வந்த பிறகே தலைப்பைப் பதிவு செய்யுங்கள். 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்ற தரவு மார்ச் வரை வராது.

புதூர்நாடு போகிறவர்கள், திரும்பும் பஸ் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.