பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? பாட்டரியை மாற்றும் முன் பாருங்கள்

கோடை மழை பெய்து, மண் உழவுக்குப் பதமாக வந்திருக்கும். கரிசல் நிலமானால் அந்தப் பதம் சில நாட்களே நிற்கும். தவறவிட்டால் மண் இறுகி, உழும்போது பாளம் பாளமாகப் பெயரும். அந்த நேரம் பார்த்து, அறுவடைக்குப் பின் கொட்டகையிலேயே நின்ற டிராக்டர், சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலியோடு அடங்கிவிடும். பாட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, பல ஆயிரம் ரூபாய்க்குப் புதியது வாங்கி மாட்டிய பிறகும் அதே 'டக்' கேட்டவர்கள் உண்டு. குறை பாட்டரியிலா, இணைப்பிலா, ஸ்டார்ட்டரிலா என்பதை உழவர்கள் தாங்களே அரை மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 55 வாட் முகப்பு விளக்கு ஒன்று 5 ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே எடுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ டீசல் என்ஜினைச் சுழற்ற 200 ஆம்பியருக்கு மேலும் கேட்கும். பூத்துப்போன ஒரு முனையில் 0.01 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். விளக்கு எரியும்போது அங்கே இழப்பு 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது அதே இடத்தில் 2 வோல்ட் போய்விடும். ஆகவே 'விளக்கு நன்றாக எரிகிறதே, இணைப்பில் குறை இருக்காது' என்று எண்ணுவது சரியன்று.

ஆனாலும் விளக்கைக் கொண்டே முதல் சோதனையைச் செய்யலாம். கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டி, என்ஜின் ஓடிவிடாதபடி டீசல் நிறுத்தும் பிடியை இழுத்து வையுங்கள். விளக்கைப் போட்டுவிட்டு இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் இறுகியிருக்கலாம். விளக்கு அடியோடு அணைந்தால் பாட்டரி முனைகளைச் சந்தேகிக்க வேண்டும். பிரகாசம் குறையாமல், ஸ்டார்ட்டரிலும் சத்தமில்லை என்றால் மின்சாரம் அங்கே போகவே இல்லை. சாவி சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்ச், சொலினாய்டு இவற்றில் ஒன்றில் குறை. (சில வண்டிகளில் ஸ்டார்ட் நிலைக்குச் சாவி போனதும் விளக்கு தானே அணையும். அவற்றுக்கு இச்சோதனை உதவாது.)

இந்த இடத்தில்தான் பலர் திருப்புளியை எடுத்து ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் தொட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. இப்படித் தொடும்போது பாதுகாப்பு சுவிட்சுக்கு வேலையில்லை. கியர் விழுந்திருந்தால் டிராக்டர் உடனே நகரும். தொட்டவர் நிற்பதோ பின்சக்கரத்துக்கு முன்னால். இவ்வாறு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

அடுத்து பாட்டரி. சில மணி நேரம் ஓய்வில் இருந்த 12 வோல்ட் பாட்டரியை மல்டிமீட்டரால் அளந்தால், முழுச் சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலியான பாட்டரி கெட்ட பாட்டரி அன்று. சார்ஜ் ஏற்றிய பிறகே அதன் தரத்தைச் சொல்ல முடியும். ஏற்றிய பின் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பாருங்கள். ஐந்து அறைகள் ஒரே அளவைக் காட்ட, ஓர் அறை மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தப் பாட்டரிக்குச் செலவு செய்வது வீண்.

பாட்டரி நல்லதென்றால் இணைப்புகளை அளக்க வேண்டும். பட்டறையில் பெரும்பாலும் விட்டுவிடும் சோதனை இதுதான். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தண்டின் மேல் வையுங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் தண்டுக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள குறை மறைந்துவிடும். மறுமுனையை ஸ்டார்ட்டரில் கனத்த வயர் சேரும் போல்ட்டில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. பிறகு நெகட்டிவ் தண்டுக்கும் என்ஜின் உடலின் சுத்தமான இரும்புப் பகுதிக்கும் இடையே அளவுங்கள். இங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் பட்டையைப் பெயின்டின் மேலேயே முடுக்கிய வண்டிகள் இங்கேதான் அகப்படும். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். இடையே இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

இரு பக்கமும் இழப்பில்லை, சுழலும்போது பாட்டரியும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை, ஆனாலும் ஸ்டார்ட்டர் திணறுகிறது என்றால் அதைக் கழற்றிக் கார்பன் பிரஷ்களையும் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வேகமாகச் சுழன்றும் என்ஜின் பிடிக்காவிட்டால் மின் பகுதியை விட்டுவிட்டு டீசல் வழியில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லச் சுழன்றாலோ, காற்று போதிய சூடேறாமல் டீசல் எரியாது. கொட்டகையில் நிற்கும் பழைய ஜீப், அம்பாசிடர் காருக்கும் இதே சோதனைகள் பொருந்தும்; பெட்ரோல் வண்டியில் தீப்பொறியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முனைகளைச் சுத்தம் செய்ய எர்த் பக்க வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் பூத்த உப்பு நுரைத்துக் கழன்றுவிடும். கரைசல் அறைக்குள் போகாதபடி மூடிகள் இறுகியிருக்கட்டும். உலர்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது. குறையும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

என்ஜின் கிளம்பியதும், மிதமான வேகத்தில் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டரைக் கழற்றுவது அதற்குப் பிறகு. உழவு முடிந்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் எர்த் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுங்கள்.