இடுப்பு வலியா? படுத்துவிடாதீர்கள்!

"காலையில எழுந்ததும் அஞ்சு நிமிஷம் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். எக்ஸ்ரே எடுத்தாச்சு, பெல்ட் போட்டாச்சு, தைலம் தடவாத நாளில்லை. வலி மட்டும் போகமாட்டேங்குது!"

இப்படிப் புலம்பும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஏன், அது நீங்களாகவேகூட இருக்கலாம். 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. பெரும்பாலானவர்களுக்கு 'இதுதான் காரணம்' என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. 'ஸ்கேன்ல டிஸ்க் பிதுங்கியிருக்காம்' என்று கலங்க வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் அப்படித் தெரிவதுண்டு. வயதானால் தலை நரைப்பது போலத்தான் அதுவும்.

வலியைவிடப் பெரிய எதிரி, பயம். 'குனிஞ்சா பிடிச்சுக்குமோ' என்று பயந்து படுத்துவிடுகிறோம். படுக்கப் படுக்கத் தசைகள் பலவீனமாகின்றன. பிறகு சின்ன வேலை செய்தாலும் வலிக்கிறது. 'பார்த்தியா, வேலை செஞ்சதாலதான் வந்தது' என்று மறுபடியும் படுக்கை! இந்தச் சுழலை உடைப்பதுதான் உண்மையான வைத்தியம்.

என்ன செய்யலாம்?

* நடங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு வலி வந்து குணமானவர்களைப் படிப்படியாக நடக்கப் பழக்கினார்கள். நடக்காதவர்களுக்குச் சுமார் 112 நாளில் திரும்பி வந்த வலி, நடந்தவர்களுக்குச் சுமார் 208 நாள் வரை தள்ளிப்போனது. முதலில் பத்து நிமிஷம் போதும். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு.

* ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காராதீர்கள். டி.வி. பார்க்கும்போது விளம்பரம் வந்தால் எழுந்து நாலு எட்டு நடங்கள்.

* தண்ணீர்க் குடத்தை முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டினாற்போல் தூக்குங்கள். ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சின்னக் குடம் நல்லது.

* வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். அந்த இதத்தில் எழுந்து நடமாடுங்கள், தூங்கிவிடாதீர்கள்!

* பிசியோதெரபிஸ்டிடம் உங்களுக்கேற்ற பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள்.

2023-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை இரண்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. வலி மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்கி மாசக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு என்று வேறு வினை வந்து சேரும்.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டியது எப்போது?

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கீழே விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றையும் அலட்சியம் செய்யக்கூடாது.

மற்றபடி, ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். போன மாசம் கோயில் வாசல் வரை நடந்தவர், இந்த மாசம் பிராகாரமும் சுற்றினால் அதுவே முன்னேற்றம்தான். நாளைக் காலை பத்தே பத்து நிமிஷம்... ஆரம்பிக்கலாமா?